காலனிய ஆஸ்திரேலியக் கதைகளின் கிராமத்துப் பெண்கள்: தாங்கியவர்களும் தாங்க முடியாமல் போனவர்களும்

கேள்வி இது: "ஹென்றி லாசன் எழுதிய 'தி ட்ரோவர்ஸ் வைஃப்' (மந்தை ஓட்டுபவனின் மனைவி) கதையைப் படித்தேன். அந்தப் பெண் எதற்கும் அஞ்சாமல் தனியாளாகக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். காலனிய காலத்து ஆஸ்திரேலியக் கதைகளில் வரும் கிராமத்துப் பெண்கள் எல்லோருமே இப்படித்தானா? எழுத்தாளர்கள் அவர்களைப் பெருமைப்படுத்தத்தான் இப்படி எழுதினார்களா?"

எல்லோரும் இப்படி இல்லை. லாசனின் கதையிலேயே அந்தப் பெண் நீங்கள் சொல்லும் அளவுக்கு அஞ்சாதவளும் இல்லை. அவள் அழுகிற இடங்களை எண்ணிப் பாருங்கள், நிறையவே இருக்கும். அந்தக் கதையைத் துணிச்சலுக்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரமாக மட்டும் படித்தால் பாதிக் கதை கைநழுவிப் போகும் என்பது என் எண்ணம். அவள் ஏன் தனியாக இருக்கிறாள், அந்தத் தனிமைக்கு அவள் கொடுத்த விலை என்ன, அவளுக்குப் பக்கத்தில் நின்றும் கதைக்குள் பெயர் பெறாமல் போனவர்கள் யார் என்று பார்க்கும்போதுதான் மீதிப் பாதி தெரியும்.

முதலில், ஏன் தனிமை? 1861-இல் நியூ சவுத் வேல்ஸில் ராபர்ட்சன் நிலச் சட்டங்கள் வந்தன. அதுவரை பெரிய மேய்ச்சல்காரர்கள் வளைத்து வைத்திருந்த நிலத்தில் சாதாரண ஆட்களும் 40 முதல் 320 ஏக்கர் வரை எடுத்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு 1 பவுண்டு விலை. கால் பங்கை முன்பணமாகக் கட்டினால் போதும், ஆனால் நிலத்தில் குடியிருக்க வேண்டும், அதைத் திருத்தவும் வேண்டும். காகிதத்தில் நல்ல சட்டம்தான். நடப்பில், கிடைத்த துண்டு நிலம் பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடவில்லை. மழை பொய்த்தால் அவ்வளவுதான். அதனால் ஆண்கள் ஆட்டு ரோமம் கத்தரிக்கவும், மந்தை ஓட்டவும், வேலி போடவும் மாதக்கணக்கில் வெளியே போனார்கள். நிலத்தையும் மாட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு அங்கேயே கிடந்தவள் மனைவி. 1890-களில் பொருளாதாரம் சரிந்தது, 1893-இல் வங்கிகள் வரிசையாக மூடின, தசாப்தத்தின் நடுவில் தொடங்கிய பெரும் வறட்சி புது நூற்றாண்டு வரை நீண்டது. நாம் பேசும் கதைகளில் முக்கியமானவை இந்தக் காலத்தில் எழுதப்பட்டவை. அதற்கு முன்பும் நாவல்கள் உண்டு. 1854-இல் கேத்தரின் ஹெலன் ஸ்பென்ஸ் எழுதிய 'கிளாரா மாரிசன்', 1857-இல் லூயிசா அட்கின்சன் எழுதிய 'கெர்ட்ரூட் தி எமிகிரண்ட்' இரண்டும் கப்பலேறி வந்து சொந்தக்காலில் நிற்கும் இளம்பெண்களைப் பற்றியவை. ஆனால் புஷ் என்று அவர்கள் சொல்லும் அந்த முடிவில்லாத மரக்காட்டில் ஒற்றை வீட்டில் கிடக்கும் பெண் கதையின் நடுவுக்கு வந்தது 1890-களில்தான்.

சரி, லாசனுக்கு வருவோம். 1892 ஜூலையில் சிட்னியின் 'தி புல்லட்டின்' வார இதழில் வந்த கதை. மரப்பலகைகளால் கட்டிய இரண்டு அறை வீடு, ஒரு பக்கம் வீட்டைவிடப் பெரிய சமையற்கட்டு. நாகரிகத்தின் அடையாளம் என்று சொல்லக்கூடிய ஒரே இடம் 19 மைல் தள்ளி, பெரிய சாலையில் இருக்கும் ஒரு சாராயக் குடிசை. கணவன் மந்தையோடு போயிருக்கிறான், அவனிடமிருந்து ஆறு மாதமாகத் தகவல் இல்லை. ஒரு மாலை வீட்டடியில் பாம்பு புகுந்துவிடுகிறது. நான்கு பிள்ளைகளையும் சமையற்கட்டு மேசைமேல் படுக்க வைத்துவிட்டு, கையில் கம்புடன், பக்கத்தில் தையல் கூடையும் ஒரு பெண்கள் பத்திரிகையுமாக, அலிகேட்டர் என்ற நாயோடு இரவு முழுக்க அவள் விழித்திருக்கிறாள். கதையில் நடப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த இரவில் அவளுக்கு வரும் நினைவுகள்.

அந்த நினைவுகளில் அவள் எத்தனை முறை தோற்றிருக்கிறாள் என்று கவனியுங்கள். வெள்ளம் வந்தபோது ஓடையின் குறுக்கே இருந்த அணையைக் காப்பாற்ற மழையில் நனைந்துகொண்டே வாய்க்கால் வெட்டினாள். அணை உடைந்தது. கணவன் வந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்து அழுதாள். மாடுகளுக்கு நுரையீரல் நோய் வந்தபோது மருந்து கொடுத்தாள், ரத்தம் எடுத்துப் பார்த்தாள். நல்ல பசுக்கள் இரண்டு செத்தன, மறுபடி அழுதாள். காட்டுத்தீயை அணைக்கக் கணவனின் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு பச்சைக் கிளையால் அடித்து அடித்துப் போராடினாள். கடைசியில் தீ அணைந்ததற்குக் காரணம், சரியான நேரத்தில் வந்து சேர்ந்த நான்கு ஆண்கள். ஒரு பிள்ளை அவள் தனியாக இருந்தபோது இறந்தது. இறந்த பிள்ளையைச் சுமந்துகொண்டு உதவிக்காக 19 மைல் குதிரையில் போனாள்.

வென்ற இடங்களும் உண்டு. மதம் பிடித்த காளை ஒரு நாள் முழுக்க வீட்டைச் சுற்றி வந்தபோது, தானே குண்டு வார்த்து, பலகை இடுக்கு வழியாகச் சுட்டாள். காலையில் காளை செத்துக் கிடந்தது. அதை உரித்துத் தோலை 17 ஷில்லிங் 6 பென்ஸுக்கு விற்றாள். லாசன் அந்தத் தொகையைச் சொல்லாமல் விடவில்லை பாருங்கள். ஆபத்து தீர்ந்ததோடு அந்தக் கதையை முடிக்காமல், கைக்கு வந்த காசு வரை கணக்குச் சொல்கிறார். வறுமையை உள்ளிருந்து பார்த்தவர் என்பது இப்படிப்பட்ட இடத்தில்தான் தெரியும்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்ட காட்சி பாம்போ காளையோ இல்லை. ஞாயிற்றுக்கிழமை நடை. வாராவாரம் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சுத்தமாக உடுத்தி, தானும் தயாராகி, பழைய தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக் காட்டுப் பாதையில் தள்ளிக்கொண்டு போவாள். நகரத்துப் பெரிய வீதியில் உலாவப் போகிறவள் எவ்வளவு அக்கறையோடு சீவிச் சிங்காரிப்பாளோ அவ்வளவு அக்கறை. ஆனால் பார்க்க ஒன்றும் இல்லை, எதிரே வர ஒரு ஆள் இல்லை. ஒரே மாதிரி மரங்கள், மைல் மைலாக. பாம்பை அடிக்கத் தைரியம் வேண்டும், அது எனக்குப் புரிகிறது. யாருமே பார்க்காத பாதையில் வாராவாரம் தலைவாரிக்கொண்டு கிளம்ப என்ன வேண்டும் என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. தான் ஒரு மனுஷி என்பதை அவள் தனக்கே நிரூபித்துக்கொள்ளும் இடம் அது.

இன்னொரு காட்சி, கைக்குட்டை. அடுப்புக்கு விறகு எடுக்கப் போகிறாள். முந்தின நாள் ஒரு பழங்குடி ஆள் அடுக்கிக் கொடுத்த விறகு. அவ்வளவு சீக்கிரம் அடுக்கிவிட்டானே என்று மெச்சி, பேசியதற்கு மேல் கொஞ்சம் புகையிலையும் கொடுத்து அனுப்பியிருந்தாள். இப்போது ஒரு கட்டையை உருவியதும் மொத்தக் குவியலும் சரிகிறது. உள்ளே வெற்றிடம், வெளியே மட்டும்தான் அடுக்கியிருக்கிறான். அவளுக்குக் கண்ணீர் முட்டுகிறது. துடைக்கக் கைக்குட்டையை எடுத்தால், துணி படவில்லை, விரல்தான் கண்ணில் குத்துகிறது. கைக்குட்டை முழுக்க ஓட்டை. கட்டைவிரல் ஒரு ஓட்டை வழியாகவும் ஆள்காட்டி விரல் இன்னொன்று வழியாகவும் வெளியே நிற்கின்றன. அவள் சிரித்துவிடுகிறாள். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே இருக்கும் இந்த ஒரு நொடிக்காகவே இந்தக் கதையை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம். (அந்த வெற்று விறகுக் குவியலைப் பற்றிச் சொல்ல இன்னும் இருக்கிறது, பிறகு வருகிறேன்.)

லாசன் இதையெல்லாம் எங்கிருந்து எடுத்தார் என்று தேட வெகுதூரம் போக வேண்டாம். அவருடைய அம்மா லூயிசா லாசன் மட்ஜி ஊருக்குப் பக்கத்தில் இப்படிப்பட்ட நிலத்தில் பிள்ளைகளோடு கிடந்தவர். கணவர் வேலைக்காக அடிக்கடி வெளியூர். 1883-இல் சிட்னிக்கு வந்துவிட்டார். 1888-இல் 'தி டான்' என்ற பெண்கள் பத்திரிகையைத் தொடங்கினார். அச்சுக் கோக்கும் வேலைக்கும் பெண்களையே வைத்ததற்காக அச்சுத் தொழிலாளர் சங்கம் அவரை எதிர்த்து நின்றது. அவர் அசையவில்லை, 1905 வரை நடத்தினார். மகன் கதை எழுதுவதற்கு மூன்று வருஷம் முன்பே, 1889-இல், புஷ் பெண்களைப் பற்றி ஓர் அமெரிக்கப் பெண்கள் இதழில் கட்டுரை எழுதியவர் அவர். மகனின் கதையில் அந்தப் பெண்ணுக்குப் பெயரே இல்லை. அம்மாவோ அதே வாழ்க்கையிலிருந்து எழுந்துவந்து சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடினார். நியூ சவுத் வேல்ஸ் பெண்களுக்கு அது 1902-இல் கிடைத்தது. லாசன் தாங்கிக்கொண்ட பெண்ணை எழுதினார். தாங்க மறுத்து வெளியே வந்த பெண் அவர் வீட்டிலேயே இருந்தார்.

லாசனே இந்த விஷயத்தை அங்கே விட்டுவிடவில்லை. 1901-இல் வந்த 'ஜோ வில்சன் அண்ட் ஹிஸ் மேட்ஸ்' தொகுப்பில் 'வாட்டர் தெம் ஜெரேனியம்ஸ்' என்று ஒரு கதை இருக்கிறது. என்னைக் கேட்டால் முந்தையதைவிட இது பெரிய கதை. திருமதி ஸ்பைசர், ஜோ வில்சனின் பக்கத்து நிலத்துக்காரி. கணவன் எப்போதும் வெளியில். வறண்ட முற்றத்தில் கொஞ்சம் ஜெரேனியம் செடி மட்டும் வளர்க்கிறாள். ஜோவின் மனைவி மேரி வரும்போது மேசைக்கு விரிப்பு போடுகிறாள், இருப்பதை வைத்து மரியாதையாக நடந்துகொள்ளப் பாடுபடுகிறாள். ஏன் அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வரக்கூடாது என்று மேரி கேட்கும்போது, வருவதால் எனக்கு நல்லது ஒன்றும் இல்லை, திரும்பிப் போனதும் மனசு ஒரேயடியாகக் கனத்துவிடுகிறது என்கிறாள். மனித முகத்தைப் பார்த்தால் வீட்டின் வெறுமை இன்னும் கூடிவிடுகிறது, அதனால் முகத்தையே பார்க்காமல் இருப்பது மேல் என்ற நிலைக்கு வந்துவிட்டாள். கவலைப்படும் கட்டத்தையெல்லாம் தாண்டியாயிற்று என்பது அவள் அடிக்கடி சொல்லும் பேச்சு. கடைசியில் செத்துப்போகிறாள், மகளிடம் ஜெரேனியத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு. பாம்பில்லை, தீயில்லை. வருஷக்கணக்கில் தாங்கினதே அவளைக் கொன்றது.

இனி பார்பரா பெய்ன்டன். உங்கள் கேள்விக்கு மிகக் கடுமையான பதில் அவரிடம்தான் இருக்கிறது. 1857-இல் ஸ்கோனில் பிறந்தவர். ஒரு நிலக்காரரைக் கட்டிக்கொண்டு மூன்று பிள்ளைகள் பெற்றபின், கணவர் வீட்டில் இருந்த உறவுக்காரப் பெண்ணோடு போய்விட்டார். பிள்ளைகளோடு சிட்னிக்கு வந்து வீடுவீடாக பைபிள் விற்றார். 1890-இல் மணமுறிவு ஆன மறுநாளே தாமஸ் பெய்ன்டன் என்ற மருத்துவரை மணந்தார். அவருடைய சிறுகதைத் தொகுப்பு 'புஷ் ஸ்டடீஸ்'. ஆஸ்திரேலியாவில் பதிப்பாளர் கிடைக்காமல் 1902-இல் லண்டனில் வெளிவந்தது.

அதில் 'தி சோசன் வெசல்' கதையை லாசனின் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். லாசனின் கதையில் ஒரு காட்சி: முரட்டு முகம் கொண்ட நாடோடி ஒருவன் வந்து, ஆண்கள் யாரும் இல்லை என்று தெரிந்ததும் இங்கேயே தங்கப் போகிறேன் என்கிறான். அவள் ஒரு கையில் கட்டையும் இன்னொரு கையில் நாயின் கழுத்துப் பட்டையுமாக வந்து, இப்போது போ என்கிறாள். அவன் அவளையும் நாயையும் பார்த்துவிட்டுச் சரி என்று போய்விடுகிறான். சில வரிகளில் முடிகிற விஷயம்.

பெய்ன்டன் அந்தச் சில வரிகளை எடுத்து ஒரு முழு இரவாக்கினார், அந்த ஆள் போகாவிட்டால் என்ன ஆகும் என்று. நகரத்திலிருந்து வந்த இளம்பெண், கைக்குழந்தை, 15 மைல் தள்ளி ரோமம் கத்தரிக்கப் போன கணவன். பசுவைக் கண்டு பயப்படுகிறாள் என்பதற்காக, பாய்ந்து வரும் பசுவை எதிர்கொண்டு ஓடச் சொல்லி விரட்டியவன் அவன். நாடோடிகளைக் கண்டால் பயமாக இருக்கிறது என்றபோது, உன்னை எவன் தூக்கிக்கொண்டு போகப்போகிறான் என்று கிண்டல் செய்தவன். அன்றைக்கு ஒரு நாடோடி வந்து சாப்பாடு கேட்கிறான், பணம் கேட்கிறான், வீட்டைச் சுற்றிப் பார்க்கிறான். இருட்டும்போது அவள் சமையலறை மேசையில் சாப்பாட்டை வைக்கிறாள். பக்கத்தில் தன்னிடம் இருந்த ஒரே விலையுள்ள பொருளை, அம்மாவுடையதாக இருந்த ப்ரூச்சை (உடையில் குத்திக்கொள்ளும் அணி), வைக்கிறாள். வந்தால் இதை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று. பிறகு கதவை அடைத்துவிட்டுக் குழந்தையை அணைத்துக்கொண்டு படுக்கிறாள். அந்த ப்ரூச்சைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவள் கையில் கம்பில்லை, நாயில்லை. இருந்ததைக் கொண்டு பேரம் பேசிப் பார்க்கிறாள். அதுவும் ஒரு போராட்டம்தான், வீரக்கதைகள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத போராட்டம்.

ராத்திரி அவன் பலகைச் சுவரைத் தடவிக்கொண்டே வீட்டைச் சுற்றி வருகிறான், இளகிய பலகை எங்கே என்று. தூரத்தில் குதிரைக் குளம்பொலி கேட்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, காப்பாற்றச் சொல்லிக் கத்துகிறாள். குதிரைக்காரன் நிற்காமல் போகிறான். ஏன்? வெள்ளை உடையில் குழந்தையோடு நின்ற அவளை அவன் மாதா என்று நினைத்துவிட்டான். தனக்குக் காட்சி கிடைத்ததாகப் பரவசப்பட்டு, மறுநாள் தேர்தலில் பாதிரியார் விருப்பப்படி ஓட்டும் போட்டுவிட்டு, நடந்ததை அவரிடம் சொல்கிறான். நின்று அவளைக் காப்பாற்றவில்லையா என்று பாதிரியார் அலறுகிறார். காலையில் வேலிக் காவல்காரன் அவள் உடலைக் கண்டபோது, குழந்தை உயிரோடு இருக்கிறது. செத்த கை பிடித்திருந்த பிடியில், குழந்தையின் சட்டையைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

தாய்மையைத் தெய்வமாக்குவதால் ஒரு தாய்க்கு என்ன நடக்கும் என்பதை இதைவிட நேராக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. 1896-இல் இந்தக் கதையும் 'தி புல்லட்டின்' இதழில்தான் முதலில் வந்தது, 'தி டிராம்ப்' என்ற தலைப்பில். ஆனால் ஆசிரியர் அந்தக் குதிரைக்காரன் பகுதியை வெட்டிவிட்டுப் போட்டார். அது இல்லாவிட்டால் இது ஒரு கொலைக்கதை, அவ்வளவுதான். ஊரே சேர்ந்து கைவிட்ட கதை என்பது அந்தப் பகுதியால்தான் தெரிகிறது.

அதே தொகுப்பில் 'ஸ்க்வீக்கர்ஸ் மேட்' என்றொரு கதை. கோடாரி பிடித்து மரம் வெட்டும் திடகாத்திரமான பெண். ஆண்கள் மதிக்கிறார்கள். சோம்பேறிக் கணவனையும் சேர்த்து இழுப்பவள். ஒரு நாள் மரம் விழுந்து முதுகு முறிகிறது. உழைப்பு போனதும் மதிப்பும் போகிறது. கணவன் அவளைப் பின்னால் ஒரு குடிசைக்குத் தள்ளிவிட்டு, ஆடுகளை விற்று, வேறொருத்தியைக் கூட்டிவருகிறான். கடைசிவரை அவளோடு நிற்பது நாய் மட்டும். ஊர் மெச்சும் வலிமை என்பது அவள் உடம்பு உழைக்கும் வரைதான் என்று பெய்ன்டன் எந்தச் சமாதானமும் இல்லாமல் எழுதுகிறார்.

மைல்ஸ் பிராங்க்ளினையும் சொல்லாமல் விட முடியாது. 1901-இல் அவருடைய 'மை பிரில்லியண்ட் கரியர்' நாவல் வெளிவந்தபோது அவருக்கு வயது 21. முன்னுரை எழுதியவர் லாசன். நாயகி சிபிலா, வறட்சியில் எழ முடியாமல் விழுந்துவிட்ட மாடுகளைக் கயிறு கட்டித் தூக்கி நிறுத்துகிற வேலையெல்லாம் செய்கிறாள். தாங்கத் தெரியாதவள் இல்லை. நல்ல குடும்பத்தில் பிறந்த அம்மா, குடிகாரக் கணவனோடும் பால் மாடுகளோடும் மல்லுக்கட்டித் தேய்ந்ததை அவள் கண்ணெதிரே பார்த்தவள். அதனால் பணக்காரன் ஹெரால்ட் பீச்சம் கேட்டபோதும் கல்யாணம் வேண்டாம் என்கிறாள். திருமதி ஸ்பைசர் போன பாதையை முன்கூட்டியே பார்த்துத் திரும்பிவிட்ட பெண் என்று அவளைச் சொல்வேன்.

இப்போது அந்த விறகுக் குவியல். லாசனின் கதையில் இரண்டு பழங்குடி ஆட்கள் முக்கியமாக வருகிறார்கள். ஒருவர் கருப்பு மேரி. காய்ச்சலோடு தனியாகப் பிரசவ வலியில் கிடந்த அவளுக்குப் பிரசவம் பார்க்க வந்தவர். லாசன் அவரைப் பாராட்டுகிறார், ஆனால் நாட்டிலேயே மிகவும் "வெள்ளையான" கருப்புப் பெண் என்று. நல்லவள் என்று சொல்லத் தோல் நிறத்தை மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு வரியில் வந்து, பிள்ளையைப் பெறவைத்துவிட்டு, மேரி கதையைவிட்டுப் போய்விடுகிறார். அவர் எங்கே வாழ்ந்தார், அந்த ஓடைக்கரை யாருடையதாக இருந்தது என்ற பேச்சே இல்லை. இன்னொருவர் விறகு அடுக்கியவர், தன் கூட்டத்தில் கடைசி ஆள் என்று கதையே சொல்கிறது. ஒரு கூட்டத்தில் ஒருவர் மட்டும் மிஞ்சியிருக்கிறார் என்றால் மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று? தன் நிலத்திலேயே கொஞ்சம் புகையிலைக்கு விறகு அடுக்கும் ஆள் அந்தக் குவியலுக்குள் வெற்றிடம் வைத்துவிட்டுப் போனது ஏன்? லாசன் கேட்கவில்லை. அவருக்கு அது ஏமாற்று வேலை, கைக்குட்டைக் காட்சிக்கு ஒரு வழி. அந்தக் காலத்து மொத்த எழுத்திலும் இந்தக் குறை உண்டு. வெள்ளைப் பெண்ணின் தனிமை முழுத் தனிமையாகத் தெரிய வேண்டுமானால், பக்கத்தில் இருந்தவர்களை ஆட்களாகக் கணக்கில் எடுக்காமல் விட வேண்டியிருந்தது.

லாசன் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைக் கேட்டவர் லியா பர்செல், பழங்குடி நடிகை, நாடக ஆசிரியர். 2016-இல் இந்தக் கதையை நாடகமாக எழுதித் தானே நடித்தார், 2021-இல் படமாகவும் எடுத்தார். அவருடைய வடிவத்தில் பெண்ணுக்கு மாலி ஜான்சன் என்று பெயர் கிடைக்கிறது. வீட்டுக்கு வருகிற பழங்குடி ஆள் யடாக்கா, விறகு அடுக்கிவிட்டுப் போகிறவராக இல்லாமல், கதையின் மறுபாதியாகிறார். கருப்பு மேரிதான் மாலியின் அம்மா என்ற உண்மையும் வெளியே வருகிறது. லாசன் இரண்டு வரியில் அனுப்பிவைத்த பெண்ணிடமிருந்து இந்தக் குடும்பமே பிறந்தது என்று மாற்றி எழுதிவிட்டார்.

படிப்பதானால் லாசனின் இரண்டு கதைகளையும் பெய்ன்டனின் இரண்டு கதைகளையும் சேர்த்தே படியுங்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்தவை, குட்டன்பர்க் ஆஸ்திரேலியா தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். லாசன் கதையின் முடிவு உங்களுக்கு நினைவிருக்கும்: விடியும் நேரத்தில் பாம்பு செத்து அடுப்பில் எரிகிறது, மூத்த பையன் டாமி அம்மாவின் முகத்தைப் பார்த்து, நான் ஒருநாளும் மந்தை ஓட்டப் போகமாட்டேன் என்கிறான். லியா பர்செல் சின்னக் குழந்தையாக இருந்தபோது, தனியாளாகத் தன்னை வளர்த்த அம்மா இந்தக் கதையைப் படித்துக் காட்டுவாராம். அந்தக் கடைசி வரி வருவதற்குள் அம்மாவை நிறுத்திவிட்டு, டாமி சொல்வதைத் தானே அம்மாவிடம் சொல்வாராம்.